உள்ளங்கை அளவு

ஔலு நகரம். ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
காலை பத்தரைக்கும் சூரியன்
கடன் கேட்க வந்தவனைப் போல
வாசலிலேயே நிற்கிறான்.

ஹில்யா கெம்பைனன் நள்ளிரவிலிருந்து
உறைந்த எலித்தோலைச் சீவிக்கொண்டிருக்கிறாள்.
ஒரு சீவல், தலைமயிரில் பாதித் தடிமன்.
கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி,
அறை விளக்கை அணைத்துவிட்டுக் குனிகிறாள்.

பச்சையாய் நரம்பு.
மயிர்க்காலின் இடுப்பில் சிவப்பாய்க் குருத்தணுக்கள்.
இடையே நீலமாய் ஒரு பொடித் தசை,
பாகற்கொடிக்கு ஊன்றிய கொம்பு மாதிரி.
கொம்பைப் பற்றித்தான் நரம்பு ஏறி வருகிறது,
தூங்குகிறவர்களின் தோளைத் தொடுகிறது.
போன வாரம் ஓர் எலியில் கொம்பைப் பிடுங்கிப் பார்த்தாள்:
கொடி சரிந்தது.
தூங்கியவர்கள் தூங்கியபடியே.

குளிர் வந்தால் நரம்பு அதிரும், தசை சுண்டும்,
மயிர் நிமிரும். இது எல்லாருக்கும் தெரிந்தது.
நாம் புல்லரிப்பு என்போம்,
இந்த ஊரில் கோழிச்சதை.
ஆனால் குளிர் போகாமல்
நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டால்
அதே நரம்பு குருத்தணுவிடமும் திரும்புகிறது:
எழு, இருக்கிற ரோமம் போதாது,
இன்னொன்று நெய்.
நம் சொல்லுக்குள் ஒரு புல் இருப்பது
எனக்குப் பிடித்திருக்கிறது.

மதியம் தம்பி ஓய்வா வந்தான்,
கையில் சால்மன் சூப், தாடியில் பனி.
மரம் வெட்டுகிறவன்.
மூன்று வருஷத்துக்கு முன்
சங்கிலி ரம்பம் இடது முழங்கையின் கீழே இறங்கியது.
எலும்பைப் பொருத்தினார்கள், தசையைத் தைத்தார்கள்,
விரல்கள் திரும்பி வந்தன.
தோலுக்குப் போகும் ஒரு நரம்பை மட்டும்
யாரும் தேடவில்லை. சின்னது.

"வெளியே வா. கையை மடக்கிவிடு."
"பைத்தியமா உனக்கு?"
வந்தான்.

கார் நிறுத்துமிடத்தில், பனிக்குவியல்களுக்கு நடுவே,
வலது கை மொத்தமும் எழுந்து நின்றது.
இடது கையும்தான்,
முழங்கைக்கு நான்கு விரல் கீழே வரை.
அப்புறம் ஒரு எல்லை.
அப்பால், உள்ளங்கை அளவுக்கு,
செய்தி போய்ச் சேராத கிராமம்:
மயிரெல்லாம் படுத்துக் கிடந்தன.
பனித்துகள் ஒன்று விழுந்து, கரைந்து, வழிந்தது.
அவனுக்குத் தெரியவில்லை.

கோடையில் சானா அடுப்பில் சுட்டுக்கொண்டதும் அங்கேதான்.
கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தான்.
ஆறுவதற்கு நவம்பர் ஆயிற்று.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் குளிர்காலம்
இவள் வகிட்டோரம் ஒரு கற்றை வெளுத்தது.
நரம்பு அளவுமீறிக் கத்தினால்
நிறம் தரும் அணுக்களின் சேமிப்பு முழுவதும்
ஒரே நாளில் எழுந்து ஓடி
திரும்பி வராமல் போவதை
எலிகளில் எண்ணியிருக்கிறாள்.
தன் தலையில் நடந்ததும் அதுதானா?
ஒரு தலை, ஒரு குளிர்காலம்.
அட்டவணையில் ஏற்றமாட்டாள்.
சாயமும் அடிக்கவில்லை.

"போதுமா? சூப் ஆறிவிடும்."

"இரு."

எல்லையைத் தாண்டி, உள்ளே,
ஒரு நெல்மணி தூரத்தில்
ஒரேயொரு மயிர்
பாதி எழுந்த மாதிரி இருந்தது.
பக்கத்துத் தோலின் நரம்புகள்
சில சமயம் வேலி தாண்டிக் கிளைவிடும்.
காற்றாகவும் இருக்கலாம்.
நேற்றிரவு தூங்காத கண்ணாகவும் இருக்கலாம்.

சட்டைப்பையில் கண்ணாடிச் சில்லுகளில் எழுதும் பேனா இருந்தது,
சாராயத்துக்கும் அழியாத மை.
அந்த மயிரின் அடியில்
ஒரு கறுப்புப் புள்ளி வைத்தாள்.

"என்ன இது?"

"ஒன்றுமில்லை. மார்ச்சில் வா, மறுபடி பார்க்கணும்.
குளிர் விடுவதற்குள் வா."

அவன் சட்டைக்கையை இறக்கினான்.
புள்ளி உள்ளே போயிற்று.
சூப் ஆறித்தான் போயிருந்தது,
நின்றபடியே குடித்தார்கள்.